மடற்குழுவில் எழுதும் முறை: புதிய உறுப்பினர் ஒருவருக்கு விரிவான பதில்

கட்டற்ற மென்பொருள் சார்ந்த மடற்குழு (மின்னஞ்சல் வழியே பலர் கூடி உரையாடும் குழு) ஒன்றில் அண்மையில் சேர்ந்த நீங்கள், அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த உரையாடலின் மடல் ஒன்றைத் திறந்து, 'பதிலிடு' பொத்தானை அழுத்தி, தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு உங்கள் ஐயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். மடல்களைப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்துநர் அதை நிறுத்திவைத்து, "புதிய இழையாக (தனி உரையாடல் தொடராக) அனுப்புங்கள், மேற்கோளைக் குறையுங்கள், எளிய உரையில் (வண்ணமோ வடிவமைப்போ இல்லாத வெறும் எழுத்தில்) எழுதுங்கள்" என்று சுருக்கமாகப் பதில் அனுப்பியிருக்கிறார். இவற்றுக்கெல்லாம் உண்மையிலேயே காரணம் உண்டா, அல்லது பழைய உறுப்பினர்களின் பிடிவாதமா என்பதும், எப்படி எழுதினால் பதில் கிடைக்கும் என்பதும் உங்கள் கேள்விகள்.

காரணம் உண்டு. மடற்குழுவுக்கு எழுதப்படும் ஒவ்வொரு மடலுக்கும் இரண்டு வகை வாசகர்கள் இருக்கிறார்கள். ஒரு வகையினர் இன்றே தங்கள் அஞ்சல் பெட்டியில் அதைப் பெறுகிற சில நூறு பேர் அல்லது சில ஆயிரம் பேர்; அவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு நடுவே, ஒரு மடலுக்குச் சில நொடிகள் மட்டுமே ஒதுக்கக்கூடியவர்கள். மற்றவர், நான்கைந்து ஆண்டுகள் கழித்து இதே சிக்கலோடு தேடுபொறியில் தேடி, குழுவின் காப்பகத்தில் உங்கள் மடலுக்கு வந்து சேரப்போகிற முன்பின் தெரியாத ஒருவர். அவருக்கு முன்கதை எதுவும் தெரியாது. மடற்குழுக்களில் வழங்கும் முறைகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த இரு வகை வாசகர்களின் நேரத்தையும் புரிதலையும் மனத்தில் வைத்து உருவானவைதான். அதை நினைவில் கொண்டால் விதிகளை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

இந்த முறைகள் நேற்று வந்தவையல்ல. 1986இல் பாரிஸில் மாணவராக இருந்த எரிக் தாமஸ், பல்கலைக்கழகங்களை இணைத்த பிட்நெட் வலையமைப்புக்காக லிஸ்ட்செர்வ் என்ற மென்பொருளை எழுதினார். குழுவில் சேர்வதையும் விலகுவதையும் மனிதக் கை படாமல் நடத்தக்கூடிய மடற்குழுக்கள் அதிலிருந்து பரவின. அடுத்த பத்தாண்டுகளில் பட்டறிவாகச் சேர்ந்த நடைமுறைகளைத் தொகுத்து, 1995 அக்டோபரில் ஆர்.எஃப்.சி 1855 என்ற இணைய நடத்தை ஆவணம் வெளியானது. ஒரு குழுவில் எழுதும் முன் ஒன்றிரண்டு மாதங்கள் படியுங்கள், கையொப்பத்தை நான்கு வரிக்குள் வையுங்கள், கோபத்தோடு எழுதிய பதிலை ஓரிரவு கழித்து அனுப்புங்கள் என்றெல்லாம் அது சொல்கிறது. வரி ஒன்றுக்கு 65 எழுத்துகளுக்குக் குறைவாக எழுதச் சொல்லும் அறிவுரை அன்றைய திரைகளுக்கானது. இன்று அதை யாரும் வலியுறுத்த வேண்டியதில்லை. மற்றவை இன்றும் அப்படியே பொருந்துகின்றன. இரண்டு மாதம் காத்திருக்க முடியாத அவசரம் இருந்தால், காப்பகத்தில் கடந்த சில வாரங்களின் மடல்களையாவது படித்துவிட்டு எழுதுங்கள் என்பேன்.

ஏனென்றால் வழக்கங்கள் குழுவுக்குக் குழு மாறுகின்றன, சில நேரம் நேர்மாறாகவே மாறுகின்றன. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தின் மடற்குழுக்களில், பதிலைக் குழுவுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். கேட்டவர் தனியாக வேண்டினாலொழிய அவருக்குத் தனிப்படி அனுப்பக்கூடாது என்பது எழுதப்பட்ட விதி. அவர் எப்படியும் குழு வழியாகப் படிப்பார், ஒரே மடல் இரண்டு முறை வருவது தொல்லை என்பது அதன் அடிப்படை. லினக்ஸின் மையப்பகுதியான கருநிரலை (கெர்னல்) உருவாக்குவோரின் மடற்குழுவிலோ 'அனைவருக்கும் பதில்' என்பதுதான் முறை. மடலின் படி யார் யாருக்குப் போகிறது என்னும் படிப்பட்டியலிலிருந்து ஒருவரை நீக்குவதே பிழையாகக் கருதப்படும். அங்கே ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மடல்கள் வருவதால், குழுவை முழுவதுமாக யாரும் படிப்பதில்லை. தம் பெயரைப் படிப்பட்டியலில் பார்த்தால்தான் ஒரு பகுதியின் பொறுப்பாளர் அந்த மடலைத் திறப்பார். இரண்டு குழுக்களும் வாசகரைத்தான் நினைக்கின்றன, வாசகரின் நிலைமைதான் வேறு. ஆகவே ஒரு குழுவில் கற்ற பழக்கத்தை இன்னொன்றில் அப்படியே வலியுறுத்துவது சரியாகாது.

இனி உங்கள் மடல் நிறுத்தப்பட்ட முதல் காரணத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும், பயனர் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில், ஒரு தனி அடையாள எண் உண்டு. நீங்கள் 'பதிலிடு' அழுத்தியவுடன், எந்த மடலுக்குப் பதில் எழுதுகிறீர்களோ அதன் அடையாளத்தை உங்கள் மென்பொருள் 'இன்-ரிப்ளை-டு', 'ரெஃபரன்சஸ்' என்ற இரண்டு வரிகளில் எழுதிவைக்கிறது. தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் செயலிகளும் குழுவின் காப்பகமும் அந்த வரிகளைப் பார்த்துத்தான் மடல்களை இழையாகக் கோக்கின்றன. தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவற்றுக்கு இரண்டாம்பட்சம். தலைப்பை மாற்றி, உள்ளடக்கம் முழுவதையும் அழித்து, புதிய கேள்வியை எழுதினாலும், உங்கள் மடல் பழைய உரையாடலின் கிளையாகவே போய் உட்காரும். அந்த உரையாடலில் விருப்பம் இல்லாமல் இழையையே மூடிவைத்திருப்பவர்களின் கண்ணில் உங்கள் கேள்வி படவே படாது. அதில் ஆழ்ந்திருப்பவர்களுக்கோ பேச்சு நடுவில் அறுபடும். ஜிமெயிலோ, தலைப்பு மாறினால் தனி உரையாடலாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது. ஆகவே ஜிமெயில் வழியாக மட்டுமே குழுவைப் பார்க்கும் ஒருவருக்கு இதில் என்ன சிக்கல் என்றே தெரியாமல் போவது இயல்பு. உங்களுக்கும் அதுதான் நேர்ந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். புதிய பேச்சு என்றால் புதிய மடலைத் திறந்து, குழுவின் முகவரியை இட்டு எழுதுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு நாளின் மடல்களை ஒரே தொகுப்பாகப் பெறும் வசதியைத் தேர்ந்தவர்கள், அந்தத் தொகுப்புக்கே பதில் எழுதிவிடுவார்கள். அப்போது தலைப்பு "டைஜஸ்ட், வால்யூம் 47, இஷ்யூ 12" என்று போகும். பதினைந்து மடல்களும் மேற்கோளாகக் கீழே தொங்கும். எதற்கான பதில் என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். தொகுப்பாகப் பெறுபவர் பதில் எழுத விரும்பினால், காப்பகத்துக்குப் போய் உரிய இழையில் எழுதுவது நல்லது. அது முடியாவிட்டால் மூல மடலின் தலைப்பையாவது சரியாக இட்டு, தொடர்புடைய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட வேண்டும்.

தலைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "உதவி தேவை", "அவசரம்", "ஒரு சந்தேகம்" போன்றவை யாருக்கும் எதையும் சொல்வதில்லை. "லிப்ரெஆபிஸ் ரைட்டர்: பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் கொம்பு இடம் மாறுகிறது" என்ற தலைப்பைப் பார்த்தவுடன், அதை அறிந்தவர் திறப்பார், அறியாதவர் கடந்து செல்வார், இருவர் நேரமும் மிச்சமாகும்.

கேள்வியின் உள்ளடக்கத்தில், நீங்கள் செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது ஆகிய மூன்றும் தனித்தனியே தெரிய வேண்டும். "தமிழ் சரியாக வரவில்லை" என்று எழுதினால், பதில் சொல்ல விரும்புபவர் முதலில் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும். பலர் அதற்குள் விலகிவிடுவார்கள். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"உபுண்டு 22.04, லிப்ரெஆபிஸ் ரைட்டர். ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்த கட்டுரையைப் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தேன். திரையில் சரியாகத் தெரிகிறது. ஆனால் 'கொடி' என்ற சொல்லைப் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டினால், கொம்பு தனியாகப் பிரிந்து ககரத்துக்கு முன்னால் போய்விடுகிறது. இரண்டு எழுத்துருக்களில் முயன்றேன், இரண்டிலும் இதே விளைவு. காப்பகத்தில் 'பிடிஎஃப் நகல்' என்று தேடினேன். அச்சிடுவது பற்றிய இழைகள் மட்டுமே கிடைத்தன."

கடைசி வரிதான் இதில் மிக மதிப்புள்ளது. நீங்கள் தேடிப் பார்த்திருக்கிறீர்கள் என்பதை அது காட்டுகிறது; எந்தச் சொல்லைக் கொண்டு தேடினீர்கள் என்பதையும் சொல்லிவிடுவதால், பழைய உறுப்பினர் ஒருவர் வேறு சொல்லைக் கொடுத்து ஒரே வரியில் உதவிவிட முடியும். பிழைச்செய்தி ஏதேனும் வந்திருந்தால் அதைத் திரைப்பிடிப்புப் படமாக எடுத்து இணைக்காமல், உரையாகவே நகலெடுத்து ஒட்டுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை யாரும் தேட முடியாது. திரைவாசிப்பான் கொண்டு படிக்கும் பார்வையற்ற உறுப்பினரால் அதைப் படிக்கவும் முடியாது. இந்த இரண்டாவது காரணத்தைப் பலர் நினைப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தருவது.

மேற்கோள் விஷயத்தில்தான் மடற்குழுக்களில் மிகுதியான மனத்தாங்கல் வருகிறது; ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். அலுவலக அஞ்சலில், பதிலை மேலே எழுதி, பழைய மடல்களை எல்லாம் கீழே அப்படியே விட்டுவிடுவது வழக்கம். நான்கு பேருக்குள் நடக்கும் பேச்சில் அது பயன்படக்கூடும்; பின்னால் சேர்க்கப்படும் ஐந்தாமவர் கீழிருந்து மேலாகப் படித்துக்கொள்வார். மடற்குழுவில் முழு உரையாடலும் காப்பகத்திலேயே இருப்பதால், அந்த வாலுக்குத் தேவையே இல்லை. அங்கே வேண்டியது, நீங்கள் எந்தக் கூற்றுக்குப் பதில் சொல்கிறீர்களோ அந்த வரி மட்டும் மேலே, உங்கள் பதில் அதற்கு நேர் கீழே:

> இரண்டு எழுத்துருக்களில் முயன்றேன், இரண்டிலும் இதே விளைவு.

அப்படியானால் சிக்கல் எழுத்துருவில் இல்லாமல் இருக்கலாம். எந்தப் பிடிஎஃப் செயலியில் திறந்து நகலெடுத்தீர்கள்?

இந்த இரண்டு வரிகளைத் தனியாகப் படிப்பவருக்கும் பேச்சு விளங்குகிறது. பத்துப் பத்திகளை மேற்கோள் காட்டிவிட்டுக் கீழே "ஆம், சரி" என்று எழுதினால், அந்த ஒப்புதல் எதற்கு என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெட்டும்போது ஒரே ஓர் எச்சரிக்கை தேவை: எழுதியவரின் கருத்து திரிந்துபோகும்படி வெட்டக்கூடாது. "சில நேரங்களில்", "எனக்குத் தெரிந்தவரை" போன்ற வரம்புச் சொற்களை நீக்கிவிட்டு மீதியை மறுப்பது நேர்மையான விவாதம் ஆகாது. யார் சொன்னது என்ற வரியும் மேற்கோளோடு இருக்க வேண்டும். மூன்று பேர் பேசும் இழையில் ஒருவர் கருத்து இன்னொருவர் பெயரில் ஏறிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

தமிழில் எழுதுவோர் மேற்கோளைக் குறைப்பதற்குக் கூடுதலான ஒரு காரணமும் இருக்கிறது. பல குழுக்களை நடத்தும் மெயில்மேன் மென்பொருளில், நிர்வாகி அமைப்பை மாற்றாவிட்டால், 40 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடல் மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்காக நிறுத்திவைக்கப்படும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆகிறது. 'கி' என்பதில் ககரமும் இகரக் குறியும் என இரண்டு குறிகள். அஞ்சலில் சிதையாமல் செல்வதற்காக அது பேஸ்64 என்ற குறியாக்க முறையில் மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு கூடி, குறி ஒன்றுக்கு 4 பைட் ஆகிவிடுகிறது. அதாவது சுமார் 10,000 குறிகளிலேயே 40 கிலோபைட் நிரம்பிவிடும். உங்கள் செயலி வண்ண எழுத்து, தடித்த எழுத்து ஆகியவற்றுக்காக எச்.டி.எம்.எல். படி ஒன்றையும் எளிய உரைப் படி ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், அதில் பாதிகூட எழுத முடியாது. நான்கு பதில்களின் வாலைச் சுமந்து செல்லும் தமிழ் மடல் எல்லையைத் தாண்டுவது எவ்வளவு எளிது என்று இதிலிருந்தே தெரியும். எளிய உரையில் எழுதச் சொன்னதற்குக் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. லினக்ஸ் கருநிரல் குழு போன்றவை எச்.டி.எம்.எல். மடலை ஏற்பதே இல்லை.

தமிழ் எழுத்துகளிலேயே எழுதுவதையும் முறைகளில் ஒன்றாகவே கருதுகிறேன். 1990களின் பிற்பகுதியில், தமிழ்.நெட் சார்ந்த மடற்குழுவில் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் விவாதித்துத்தான் திஸ்கி குறியேற்றத்துக்கு (தமிழ் எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் முறைகளில் ஒன்று) வடிவம் கொடுத்தார்கள். அக்காலத்தில் தமிழில் மடல் எழுதுவதற்கே அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே குறியேற்றத்தை வைத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்தத் தடை இல்லை. ரோமன் எழுத்தில் எழுதிய தமிழை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால், காப்பகத்தில் தேடுபவருக்கு அது கிடைக்காமலே போகிறது. கைப்பேசியில் அவசரமாக எழுத நேர்ந்தால் பரவாயில்லை; ஆனால் நிலைத்திருக்க வேண்டிய விளக்கத்தை ஒருங்குறித் தமிழில் எழுதுங்கள்.

யாருக்குப் போகிறது என்பதை அனுப்பும் முன் பார்ப்பது மிக முக்கியம். சில குழுக்களில் 'பதிலிடு' என்பது எழுதியவருக்குப் போகும். சிலவற்றில் குழு முழுவதற்கும் போகும். இது நிர்வாகி செய்துவைத்த அமைப்பைப் பொறுத்தது. 2014 ஏப்ரலில் யாஹூ நிறுவனம் தன் முகவரிகளின் பெயரில் போலி மடல்கள் செல்வதைத் தடுக்க டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்பு விதியைக் கடுமையாக்கியபோது, மடற்குழு வழியாகச் சென்ற உண்மையான மடல்களும் மறுக்கப்பட்டன. அதைச் சமாளிக்கப் பல குழுக்கள் அனுப்புநர் முகவரியிலேயே குழுவின் முகவரியை இடத் தொடங்கின. ஆகவே நண்பரின் பெயர் திரையில் தெரிகிறது என்பதால் மடல் அவருக்குத்தான் போகிறது என்று நம்பக்கூடாது. தனி மடலில் ஒருவர் சொன்னதை அவர் இசைவின்றிக் குழுவில் ஒட்டுவதும், மற்றவர் தொலைபேசி எண்ணைப் பொதுவில் இடுவதும், எந்தக் குழுவிலும் மன்னிக்கத்தக்கவையல்ல. காப்பகத்தில் ஏறியதைத் திரும்பப் பெறுவது பெரும்பாலும் இயலாது. விடுமுறையில் செல்லும்போது தானியங்கிப் பதிலை இயக்குபவர், அது குழுவுக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்க் குழுக்களில் பேச்சின் தொனி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு ஒருவரை எப்படி விளிப்பது என்பதே பெரிய கேள்வி. மறுமுனையில் இருப்பவர் கல்லூரி மாணவியா, ஓய்வுபெற்ற பேராசிரியரா என்பது தெரியாது. பெயரோடு 'அவர்களுக்கு' என்று தொடங்கி, 'நீங்கள்' என்று எழுதினால் எவர் மனமும் நோகாது. அறிமுகமாகும் முன்பே 'தம்பி' என்று விளிப்பது, அன்பாகவே சொல்லப்பட்டாலும், விவாதத்தில் ஒருவரைக் கீழே வைப்பதாக ஆகிவிடக்கூடும். பிறர் மடலில் உள்ள ஒற்றுப்பிழையைக் குழுவில் வைத்துத் திருத்துவதை நான் ஏற்பதில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் சந்தியைத் திருத்தினால், தமிழில் தயங்கித் தயங்கி எழுதத் தொடங்கிய ஒருவர் அடுத்த முறை ஆங்கிலத்துக்கே போய்விடுவார். திருத்தியே ஆக வேண்டுமென்றால் தனி மடல் இருக்கிறது. கருத்து வேறுபாடு இருவருக்கிடையே மட்டும் முற்றிவிட்டாலும் அதற்கு உரிய இடம் அதுதான்.

நன்றி சொல்வது நம் பண்பு. ஆனால் முப்பது பேர் தனித்தனியே "நன்றி", "வாழ்த்துகள்" என்று எழுதினால் முப்பது மடல்கள் ஆயிரம் பெட்டிகளில் விழுகின்றன. இதற்கு மிக அழகான மாற்று வழியை, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கணினிகளைப் பராமரித்தவர்களுக்கான சன்-மேனேஜர்ஸ் மடற்குழு கடைப்பிடித்தது. அங்கே பதில்கள் கேட்டவருக்குத் தனியாகவே அனுப்பப்படும். அவர் எல்லாவற்றையும் முயன்று பார்த்து, தலைப்பில் 'சுருக்கம்' என்ற பொருள் தரும் முன்னொட்டை இட்டு, எது பலன் தந்தது, யார் யார் உதவினார்கள் என்று குழுவுக்கு ஒரே மடலாக எழுதுவார். எல்லாக் குழுக்களிலும் பதிலைத் தனியே அனுப்பச் சொல்ல முடியாது. ஆனால் சிக்கல் தீர்ந்தபின் ஒரு சுருக்க மடல் எழுதும் பழக்கத்தை எவரும் மேற்கொள்ளலாம். எத்தனையோ இழைகள் "சரியாகிவிட்டது, நன்றி" என்று முடிந்திருக்கின்றன. எப்படிச் சரியானது என்பதுதான் பின்னால் வருபவருக்குத் தேவை.

காப்பகமே நிலையானதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற யாஹூ குழுக்களில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தமிழில் எவ்வளவோ எழுதப்பட்டது. யாஹூ 2019இன் இறுதியில் குழுக்களின் பழைய உள்ளடக்கத்தை நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பர் 15 அன்று சேவையையே மூடியது. பெரும்பாலும் யாரோ தம் பெட்டியில் சேமித்துவைத்த மடல்கள்தான் அத்தகைய அழிவில் எஞ்சும். தேவையான மேற்கோளோடும், சுட்டி செத்தாலும் புரியும்படி அதன் சாரத்தை இரண்டு வரியில் சொல்லியும் எழுதப்பட்ட மடல், தனியாகக் கிடைத்தாலும் பொருள் தரும். விரிவாக எழுதும் மடல்களின் படியை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலகுவதற்கும் முறை உண்டு. 1997 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள், சுமார் 13,000 பேர் கொண்ட 'பெட்லம் டிஎல்3' என்ற பட்டியலில் தம் பெயர் இருப்பதைக் கண்ட ஊழியர் ஒருவர், ஏன் என்று பட்டியலுக்கே எழுதிக் கேட்டார். "என்னையும் நீக்குங்கள்" என்று பலர் அனைவருக்கும் பதில் அனுப்ப, "அனைவருக்கும் அனுப்பாதீர்கள்" என்று மற்றவர்களும் அனைவருக்கும் அனுப்ப, சுமார் ஒன்றரைக் கோடி மடல்கள் உருவாகி அஞ்சல் சேவையே திணறியது. "என்னை நீக்குங்கள்" என்ற மடல் குழுவுக்கு வந்தால் அதைப் படிக்கும் எவராலும் பெரும்பாலும் நீக்க முடியாது. அந்த அதிகாரம் நிர்வாகிக்கும் மென்பொருளுக்கும் மட்டுமே உண்டு. பல குழுக்களில் ஒவ்வொரு மடலின் அடிக்குறிப்பிலும் அதற்கான சுட்டி இருக்கும். இல்லாவிட்டாலும் தலைப்பகுதியில் விலகும் முகவரியைத் தரும் வரி ஒன்று பெரும்பாலும் உண்டு. பல செயலிகள் அதை ஒரு பொத்தானாகவே காட்டுகின்றன. சேரும்போது வந்த வரவேற்பு மடலை அழிக்காமல் ஒரு தனிக் கோப்புறையில் வைத்திருந்தால், விலகும் வழியும் குழுவின் விதிகளும் நிர்வாகியின் முகவரியும் அதிலேயே கிடைத்துவிடும். மட்டுறுத்துநருக்கு நீங்கள் எழுத வேண்டியதும் அந்த நிர்வாகி முகவரிக்குத்தான். நிறுத்திவைத்த மடலைக் கைவிடச் சொல்லி ஒரு வரி எழுதிவிட்டு, உங்கள் கேள்வியைப் புதிய மடலாகக் குழுவுக்கு அனுப்புங்கள்.